வைக்கிங் நிலத்தில் ஒரு கதைத்தலைவியைத் தேடி

வரலாற்றுப் புதினம் எழுதப் புகுவோர்க்குக் கடன்கள் இரண்டு உண்டு. ஒன்று கற்பனைக்கு இறுக்க வேண்டிய கடன். மற்றொன்று உண்மைக்கு இறுக்க வேண்டிய கடன். முன்னதை வீட்டில் அமர்ந்தே தீர்த்துவிடலாம். பின்னதைத் தீர்க்க வேண்டுமாயின் கதை நிகழ்ந்த மண்ணை மிதித்தல் வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ படைத்த கல்கி இலங்கைக்குச் சென்று இடங்களைக் கண்டு வந்து எழுதியதை நம்மில் பலர் அறிவோம். அந்நெறியைப் பின்பற்றியே, வைக்கிங்குகளைப் பற்றி வீரமும் காதலும் கலந்த புதினம் ஒன்றை வரைய எண்ணிய நாம், வடபுல நாடுகளுக்குச் சென்று அவர்தம் சுவடுகளைக் கண்டோம்.

வைக்கிங்குகள் என்போர் இன்றைய நார்வே, சுவீடன், டென்மார்க்கு ஆகிய நாடுகளினின்றும் கடல் கடந்து சென்றோர். கி.பி. 793-இல் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் தீவின் மடாலயத்தை அவர்கள் சூறையாடினர். அன்று தொடங்கிப் பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் பெயர் ஐரோப்பியக் கரைகளில் அச்சத்தை விளைத்தது. எனினும் அவருள் பெரும்பாலோர் ஊரில் உழவர், கடலில் வணிகர், வாய்ப்பு நேர்ந்துழிக் கொள்ளையர். கொம்பு வைத்த தலைக்கவசத்துடன் அவர்களைப் படங்களில் காண்கின்றோம். அக்கொம்பு 1876-இல் வாக்னரின் இசை நாடகத்திற்கு வகுத்த உடையலங்காரத்தால் பரவியது. நார்வேயில் ஜெர்முண்ட்பூ என்னுமிடத்தில் 1943-இல் கிடைத்த உண்மையான வைக்கிங் கவசத்தில் கொம்பு இல்லை.

கொம்பை நீக்குதல் எளிது. கதையின் போக்கைத் திருத்துதலே அரிது. கடல்வீரன் ஒருவன் அயல்நாட்டு மங்கையைச் சிறைபிடித்துச் செல்வான். அவள் முதலில் வெறுப்பாள். பின்னர் அவன் வீரத்தில் மயங்கிக் காதல் கொள்வாள். மேல்நாட்டுப் புதினங்களில் இது பழகிப்போன கதை. இத்தகைய கதைத்தலைவிக்கு அம்மண்ணில் சான்று உண்டா? இவ்வினாவை உடன்கொண்டே நாம் ஒவ்வோர் இடத்தையும் கண்டோம்.

கடலடியில் கிடைத்த கலங்கள்

டென்மார்க்கில் ரோஸ்கில்ட என்னும் ஊர் கடற்கழியின் கரையில் உள்ளது. இற்றைக்கு ஏறத்தாழ 950 ஆண்டுகட்கு முன், பகைவர் கலங்கள் நகரை அணுகாவண்ணம் ஐந்து பழங்கலங்களைக் கழியில் அமிழ்த்தி வழியை அடைத்தனர். 1962-இல் அவ்விடத்தைச் சுற்றி அணைகட்டி, நீரை இறைத்து, சிதைந்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தனர். இன்று அவை கழிக்கரையிலுள்ள காட்சிசாலையில் இரும்புச் சட்டங்களின்மீது பொருத்தப்பட்டு நிற்கின்றன.

அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள போர்க்கலம். அறுபதின்மர் துடுப்பு வலித்தது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஆய்ந்தோர், அக்கலம் 1042-இல் அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் வளர்ந்த ஓக்கு மரத்தால் கட்டப்பட்டது என்று கண்டனர். டப்ளினோ 841-இல் வைக்கிங்குகள் பாசறை அமைத்து வளர்த்த ஊர். அக்கலத்தைப் போலவே புதிதாகக் கட்டிய கலம் ஒன்று 2007-இல் ரோஸ்கில்டவிலிருந்து டப்ளினுக்குப் பாய்விரித்துச் சென்றது. டென்மார்க்கில் மூழ்கிய கலத்தின் மரம் அயர்லாந்துக்குரியது என்பதை அறிந்தபோது, கலங்களில் ஏற்றிக் கொணரப்பட்ட பிறவற்றின் நினைவும் எழுந்தது.

மண்மேட்டில் இரு மகளிர்

நார்வேயில் ஓசெபர்க் என்னும் பண்ணையின் மண்மேட்டை 1904-இல் அகழ்ந்தனர். உள்ளே ஒரு முழுக்கலம். அதனுள் இரு மகளிரின் எலும்புகள்! அடக்கம் செய்த ஆண்டு 834. அவர்களுடன் செதுக்கு வேலை நிறைந்த தேர் ஒன்று, பனிச்சறுக்கு வண்டிகள் நான்கு, கட்டில்கள், தறிகள், சித்திர நெசவுத் துணிகள், குதிரைகள் ஆகியவும் இருந்தன. ஆஸ்லோ நகரில் 2022-இல் விரிவாக்கப் பணிக்காக மூடப்பட்ட பழைய காட்சிசாலையில், அதற்கு முன்னரே அக்கலத்தைக் காணும் பேறு நமக்கு வாய்த்தது.

அங்குக் கிடைத்த மரவாளி ஒன்றை ‘புத்தர் வாளி’ என வழங்குவர். அதன் பிடியருகே சப்பணமிட்டு அமர்ந்த உருவங்கள் உள்ளன. பெயரைக் கேட்டதும் பாரத நாட்டினராகிய நம் உள்ளம் துள்ளும். ஆயினும் அது பிரித்தானிய, அயர்லாந்துத் தீவுகளின் கைவேலை என்பதே அறிஞர் கருத்து. வாணிகத்தால் வந்ததோ, கொள்ளையால் வந்ததோ, வாளி வாய் திறப்பதில்லை. இரு மகளிருள் ஒருத்தி அரசியாகவும் மற்றவள் அவளுடன் புதைக்கப்பட்ட பணிப்பெண்ணாகவும் இருக்கலாம் என்பர் சிலர். யார் எவர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

வாளுடன் துயின்றவள்

சுவீடனின் தலைநகருக்கு மேற்கே மேலரன் ஏரியில் பிர்கா என்னும் பழைய சந்தையூர் ஒன்று உண்டு. 1878-இல் ஸ்டோல்பெ என்னும் ஆய்வாளர் அங்கு ஒரு கல்லறையைத் திறந்தார். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள், ஆட்டக்காய்கள் ஆகியன இருந்தமையால் அதனைப் படைத்தலைவன் ஒருவனின் கல்லறை என்றே நெடுங்காலம் கொண்டனர். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, அங்குத் துயின்றவர் பெண் என்று காட்டியது. அவள் போர் புரிந்தாளா, அன்றி வேறு காரணத்தால் படைக்கலங்கள் வைக்கப்பட்டனவா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. புதின ஆசிரியர்க்கு இவளைவிட ஏற்ற தலைவி யார் என்று எவரும் எண்ணுவர்.

ஆயினும் பிர்காவில் கிடைத்த மற்றொரு பொருள் நம்மைத் தடுத்து நிறுத்தியது. அது இரும்புத் தளை. தெற்கே ஹெடபி என்னும் சந்தையூரிலும் தளைகள் கிடைத்துள்ளன. அயர்லாந்தின் உல்ஸ்டர் ஆண்டேடுகள், 821-இல் டப்ளினுக்கு அருகேயுள்ள ஹவுத் என்னுமிடத்திலிருந்து பெண்கள் பெருந்திரளாகக் கவர்ந்து செல்லப்பட்டதைக் குறிக்கின்றன. அவர்களுள் ஒருத்தியின் பெயரும் ஏட்டில் இல்லை.

பேசாதிருந்த பெண்

பெயருள்ள ஒருத்தியைத் தேடி ஐஸ்லாந்தின் மேற்கிலுள்ள லாக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைந்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘லாக்ஸ்டைலா சாகா’ என்னும் உரைக்காப்பியம் இப்பள்ளத்தாக்கின் குடிகளைப் பற்றியது. ஹோஸ்குல்டு என்னும் பண்ணையார் மரம் கொள்ள நார்வே சென்றவர், வணிகன் ஒருவனின் கூடாரத்தில் விலைக்கு இருந்த பன்னிரு பெண்களைக் காண்கின்றார். மற்றவர்க்கு விலை ஒரு மார்க்கு வெள்ளி; ஒருத்திக்கு மட்டும் மூன்று மார்க்கு. அவள் ஊமை என்று வணிகனே கூறியும் அவளை வாங்கிவருகின்றார். அவளுக்கு ஒரு மகன் பிறக்கின்றான். ஒரு நாள் காலை, ஓடைக்கரையில் பேச்சொலி கேட்டு ஹோஸ்குல்டு சென்று பார்க்க, அவ்வூமை தன் சிறு மகனிடம் பேசிக்கொண்டிருக்கின்றாள்! தன் பெயர் மெல்கோர்கா என்றும், அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள் என்றும், பதினைந்தாம் வயதில் சிறைப்பட்டதாகவும் அப்போதே கூறுகின்றாள். தன் தாய்மொழியை அவள் மகனுக்குக் கற்பித்தாள். பின்னாளில் அவன் அயர்லாந்து சென்று பாட்டனின் முன் அம்மொழியிலேயே பேசினான் என்று கதை செல்கின்றது.

இக்கதை நிகழ்ச்சிகட்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அரசன் மகள் என்பது புனைவாகவும் இருக்கலாம். ஆனால் மெல்கோர்காவைப் போன்றோர் வந்தது புனைவன்று. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் வெளியான மரபணு ஆய்வுகளின்படி, ஐஸ்லாந்தில் குடியேறிய ஆண்களுள் பெரும்பாலோர் வடபுலத்தார். பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காத்லாந்துப் பகுதியினர். அவர்களுள் விரும்பி மணந்து வந்தோரும் இருந்திருப்பர். விலைக்கு வந்தோரும் இருந்திருப்பர். குருதி இவ்விருவரையும் பிரித்துக் காட்டுவதில்லை.

அயன்மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குத் தாய்மொழியைப் புகட்டும் நம் குடும்பத்தார்க்கு அவ்வோடைக்கரைக் காட்சியை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் வேறுபாடு ஒன்றை மறத்தலாகாது. நாம் பிழைப்பு நாடி விரும்பி வந்தோம். அவள் எடைக்கல்லில் வெள்ளி நிறுத்து வாங்கப்பட்டாள். எல்லாம் பறிக்கப்பட்ட அவளிடம் எஞ்சியிருந்தது மொழி ஒன்றே. அதனை யாரிடம் பேசுவது என்பதை மட்டும் அவள் தானே முடிவு செய்தாள்.

ஆதலின், நாம் வரையக் கருதிய புதினத்தில் சிறைபிடித்தவன்மீது சிறைப்பட்டவள் மயங்கும் கட்டத்திற்கு இடமில்லை. மறுக்கும் உரிமை இல்லாதவளின் இசைவைக் காதல் என்று பெயரிடுதல் தகாது. ஓசெபர்க் மகளிர்க்குக் கலம் உண்டு. பிர்காப் பெண்ணுக்கு வாள் உண்டு. ஹவுத்திலிருந்து சென்றவர்க்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. கண்கவர் வீரனைத் தீட்டுவதற்கு முன், அவன் கலத்தின் அடித்தட்டில் அமர்ந்திருந்தவளைத் தீட்டுதல் வரலாற்றுப் புதினம் எழுதுவோரின் கடன். அவள் எப்போது பேசுவாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும். கதை அதுவரை காத்திருக்கலாம்.