பெல்வெடேரில் ஒரு புத்தகக் காவலர்

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வரும் நம்மவர்களிடம், கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்துப் பெயரெடுத்த தென்னாட்டவர் யார் என்று கேட்டால், தயங்காமல் சர் சி.வி. ராமன் என்பார்கள். பி.எஸ். கேசவன் என்று சொல்கிறவர் அபூர்வம். மார்க்கெட்டிலிருந்து மேற்கே போய்ச் சேத்லா பாலத்தைத் தாண்டினால் அலிப்பூர். அங்கே பெல்வெடேர் மாளிகையில் தேசிய நூலகத்தை நிலைநிறுத்தியவர் அவர். மாணவனாக அந்த வாசகசாலையில் பல பிற்பகல்களைக் கழித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

பெல்லாரி சாமண்ணா கேசவன் 1909-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1947-ல் இம்பீரியல் நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். மறு வருஷம் அது சட்டப்படி தேசிய நூலகமாயிற்று. எஸ்பிளனேடிலிருந்து பெல்வெடேருக்கும் மாறியது. ஒரு வாடகை வீட்டைக் காலி செய்வதற்கே நாம் படும் பாடு தெரியும். இவர் லட்சக்கணக்கான புத்தகங்களோடு குடிபெயர்ந்தார்! 1949-ல் சர் ஆசுதோஷ் முகர்ஜியின் குடும்பத்தார் அளித்த 80,000-க்கும் மேற்பட்ட நூல்கள் வேறு சேர்ந்தன. 1953 பிப்ரவரி 1-ந் தேதி மௌலானா ஆசாத் நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். லெப்டினன்ட் கவர்னர்கள் வாசம் செய்த மாளிகையில் சாமானியரும் உட்கார்ந்து படிக்கலாயினர்.

அவர் காலத்தில் நடந்த பெரிய காரியம், என் அபிப்பிராயத்தில், கட்டடம் அல்ல. 1954-ல் வந்த சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் 30 நாட்களுக்குள் கல்கத்தா வந்து சேர வேண்டும். கும்பகோணத்துச் சந்தில் அச்சான ஸ்தல புராணமும் இதில் அடக்கம். அனுப்பாதவர்களுக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய், அதோடு புத்தகத்தின் விலை. இதற்கு யார் பயப்படுவார்கள்? அனுப்பாதவர்கள் ஏராளம்.

வந்து சேர்ந்தவற்றைக் கொண்டு 'இந்திய தேசிய நூற்பட்டியல்' தயாராயிற்று. அதன் முதல் பொறுப்பாசிரியர் கேசவன். ஆங்கிலத்தோடு 13 இந்திய மொழி நூல்களை ஒரே வரிசையில், ரோமன் எழுத்தில் அடுக்கினார்கள். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் வங்காளியும் குஜராத்தியும் ஒரே பட்டியலில் தமிழ் நூலைக் கண்டுபிடிக்க அன்று வேறு வழி என்ன இருந்தது? சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு எண்ணையும் டியூயி எண்ணோடு சேர்த்தே கொடுத்தார்கள். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பும் பெல்வெடேரில்தான் இருக்கிறது என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது.

1960-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிறகு டில்லியில் விஞ்ஞானத் தகவல் மையமான இன்ஸ்டாக்கின் இயக்குநர். 1970-ல் மறுபடி பெல்வெடேர். வீட்டிலும் புத்தக வாசனை வீண்போகவில்லை. பிள்ளை முகுல் கேசவன் டில்லி ஜாமியாவில் சரித்திரம் கற்பித்தவர், நாவலாசிரியர். டெலிகிராஃப் வாசகர்களுக்கு அவர் கட்டுரைகள் பரிச்சயம். மகனைப் படிக்கிற எத்தனை பேருக்குத் தகப்பனாரைத் தெரியும்?

ஓய்வுக்குப் பிறகும் கேசவன் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் அச்சுக்கலை, பதிப்புத் தொழில் ஆகியவற்றின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். 1985-ல் வந்த முதல் தொகுதி, தென்னாட்டில் தொடங்கிய அச்சுக்கலை வங்காளத்தில் தழைத்த கதை. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', பிறகு தரங்கம்பாடி, 1800-ல் ஸ்ரீராம்பூர் என்று நீளும் பாதை அது. அவரும் அதே திசையில் வந்தவர்தான். மூன்றாம் தொகுதி 1997-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 88. 2000-மாவது ஆண்டு பிப்ரவரியில் காலமானார்.