அழகைச் சிறைவைத்தவர்கள்



கண்டி இராச்சியத்தை 1635 முதல் 1687 வரை ஆண்ட இரண்டாம் இராஜசிங்க மன்னனுக்கு அபூர்வமான உயிரினங்கள் மீது தீராத ஆசை இருந்தது. வேட்டைப் பருந்து, குதிரை, புலி, விசித்திரப் பறவை என எதைக் கொண்டுவந்தாலும் அவன் மனம் மகிழ்ந்தது. அவனுடைய தயவை நாடிய ஒல்லாந்தர் இதை நன்கு அறிந்திருந்தனர். அவர்களின் தூதுவர் ஒருவர் உயிருள்ள சிங்கம் ஒன்றையே காணிக்கையாகக் கண்டிக்குக் கொண்டுவந்தார். சிங்கத்தைக் கொடியில் கண்டு பழகிய மக்கள் அதனை உயிரோடு கண்டபோது எப்படி வியந்திருப்பார்கள்! கொடியிலே சிங்கத்தைப் பொறித்த நாட்டின் காடுகளில் சிங்கம் இல்லை. அதனாலேயே அந்தப் பரிசு அத்தனை பெறுமதியானது.

இந்தச் செய்தியை எமக்கு விட்டுச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், கொட்டியாரக் கரையில் தந்தையோடும் கப்பல் தோழர்களோடும் மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். அடுத்த ஆண்டே தந்தை இறந்தார். மகன் 1679 வரை இங்கேயே இருந்தார். அவரது இலங்கை வாழ்வின் பிற்பகுதி எங்கள் கடுகண்ணாவைக்கு அண்மையில், உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்த கிராமத்திலே கழிந்தது. இன்றும் அந்த வயல்வெளியைக் கடந்து செல்லும்போது அவரை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. 1681இல் இலண்டனில் அச்சாகிய அவரது நூலில் கண்டி நாட்டின் மரம், செடி, பறவை, எறும்பு வரை எல்லாமே இடம்பெற்றுள்ளன. பேசப் பழக்கக்கூடிய, மஞ்சள் அணிந்த கரிய பறவை ஒன்றைப் பற்றியும் எழுதுகிறார். மலைநாட்டு மைனாவை அறிந்தவர்களுக்கு அது எந்தப் பறவை என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விடயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மன்னன் இந்த வெள்ளைக்காரர்களை இருட்டறையில் அடைக்கவில்லை. ஆரம்பத்தில் அவர்களிடம் வேலைகூட வாங்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்து விட்டு, ஊரவரே சோறு போட வேண்டும் என்று கட்டளையிட்டான். உணவு உண்டு, உறைவிடம் உண்டு; போவதற்கு மட்டும் அனுமதி இல்லை. ஒல்லாந்தத் தூதுவர்கள் பலருக்கும் இதே கதிதான். சிங்கத்தைக் கொண்டுவந்தவரும் தடுத்து வைக்கப்பட்டார். அபூர்வமான பறவையை வைத்திருப்பது போலவே அபூர்வமான மனிதரையும் அந்த மன்னன் வைத்திருந்தான் என்றே எனக்குப் படுகிறது.

நொக்ஸும் பிராணிகள் வளர்த்தவர்தான். பன்றியும் கோழியும் வளர்த்தார், தொப்பி பின்னி விற்றார், அவற்றால் சீவனம் நடத்தினார். ஆனால் கோழி வளர்ப்பதும் காட்டுப் பறவையைக் கூட்டில் அடைப்பதும் ஒன்றல்ல. கோழியும் நாயும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதனின் முற்றத்திலே பிறந்து வளர்ந்தவை. திறந்து விட்டாலும் மாலையில் வீடு திரும்பும். காட்டிலிருந்து பிடித்து வந்த உயிருக்கோ திறந்த கதவு என்றால் விடுதலை என்றே பொருள்.

நமது இலக்கியத்திலும் இந்த இரண்டு மனப்பாங்குகளும் உண்டு. கிளியை வளர்த்துப் பேச்சுப் பழக்கி, அதனையே தூது அனுப்பும் மரபு ஒன்று. மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் தோளிலும் கிளி இருக்கிறது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர் கிள்ளைவிடு தூது என்று ஒரு நூலே பாடினார். மற்ற மரபின் உருவம் பேகன். மலையிலே நின்ற மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குகிறது என எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் அந்த வள்ளல். மயில் போர்வையை உடுக்காது என்பது அவனுக்குத் தெரியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அவன் அந்த மயிலைப் பிடித்து அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை. கொடுத்தான், போய்விட்டான்.

மன்னர் காலம் 1815இல் முடிந்தது. பிரித்தானியர் கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து கண்டிக்குப் பாதை அமைத்தனர். அந்தப் பணியில் ஈடுபட்ட டோசன் என்ற பொறியியலாளரின் நினைவுத் தூபி 1832இல் எழுந்தது. இன்றும் பாதையோரம் நிற்கிறது. 1867இல் புகையிரதமும் கண்டியை எட்டியது. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிந்தன. அந்தக் காலத்தில்தான் இந்த மண்ணிலேயே பிறந்த வைத்தியர் எட்வட் பிரெடெரிக் கெலாட் எங்கள் உயிரினங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். 1853இல் அவர் விவரித்த தவளை ஒன்று: பச்சை உடம்பு, மேலே விண்மீன்களைத் தூவியது போன்ற புள்ளிகள். அதன் பின்னர் அதனை எவரும் காணவில்லை. அழிந்துவிட்டது என்றே கருதினர். ஒன்றரை நூற்றாண்டு கடந்து, 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் உறவினர்கள் பலருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. இலங்கையின் மரத்தவளை இனங்கள் பதினைந்துக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டன. அருங்காட்சியகப் போத்தல்களில்தான் இன்று அவற்றைக் காணலாம்.

இந்த வகைத் தவளைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவை குளத்தில் முட்டையிடுவதில்லை. தலைப்பிரட்டைப் பருவமும் இல்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளிவரும். காட்டின் ஈரம் போனால் அவற்றின் சந்ததியும் போயிற்று.

இப்போது தவளை வளர்ப்பது உலகெங்கும் ஒரு நாகரிகமாகியுள்ளது. நீலம், மஞ்சள், செம்மஞ்சள் என மின்னும் அம்புத் தவளைகளின் படங்களைக் காட்டி, இவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா என்று என் மாணவர்களும் கேட்கிறார்கள். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளே அவற்றின் தாயகம். கொலம்பியாவின் எம்பெரா மக்கள், ஊதுகுழலில் வைத்து எய்யும் அம்பு முனைகளில், அவற்றுள் ஒரு பொன்னிறத் தவளையின் நஞ்சைத் தடவி வேட்டையாடினர். அந்த நஞ்சு தவளை உண்ணும் சிறு எறும்பு, உண்ணி முதலியவற்றிலிருந்து வருகிறது. தொட்டியில் பிறந்து வேறு இரை தின்று வளரும் தவளையிடம் அந்த நஞ்சு இருப்பதில்லை. "என்னைத் தொடாதே" என்று எச்சரிக்கவே அதற்கு அந்த நிறம் அமைந்தது. தொட்டியிலே நிறம் இருக்கிறது, எச்சரிக்கையின் பொருள் இல்லை. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளையோ தன் அழகால் கெடுகிறது.

வளர்ப்போரின் ஆசை வேறு ஆபத்தையும் கொண்டுவந்தது. தவளைகளின் தோலைத் தாக்கும் பங்கசு ஒன்று, நாடு விட்டு நாடு உயிரினங்களைக் கொண்டுபோகும் வணிகத்தோடு பரவியது. அதனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் குறைந்துள்ளன. தொண்ணூறு இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன என 2019இல் வெளியான ஆய்வு கூறியது. வீட்டுத் தொட்டி ஒன்றைக் கழுவி ஊற்றிய நீரும் ஓடையைத்தான் சேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் வாங்க நினைப்பது போலவே, பிறர் நம்மிடமிருந்து கடத்தவும் செய்கிறார்கள். கண்டிக்கு அருகே கன்னொறுவை என்றால், 1638இல் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த களம் என்று சரித்திரம் சொல்லும். அங்குள்ள காட்டில் மூக்கின் நுனியில் உருண்டை தாங்கிய ஓர் ஓந்தி வாழ்கிறது. சிங்களத்தில் கரமல் போதிலியா என்பார்கள். பச்சை உடல், அச்சுறுத்தினால் வாயைத் திறந்து செந்நிறம் காட்டும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. நக்கிள்ஸ் மலையில் மட்டுமே வாழும் குள்ள ஓந்தி ஒன்று 2006இல்தான் தனி இனமாக அறியப்பட்டது. இத்தகைய ஓந்திகள் இரகசியமாகக் கடத்தப்பட்டு ஐரோப்பாவில் செல்லப் பிராணிகளாக விலைபோயின. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எம்மிடம் இருந்தது; ஆனால் நாட்டெல்லையைத் தாண்டிய பின் அதன் கை எட்டவில்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடைபெற இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் அது தடைப்பட்டு, ஒகஸ்டில் ஜெனீவாவில் கூடியது. எமது ஓந்திகள் அங்கேதான் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பிடித்தன. சொந்த மண்ணில் வழங்கப்பட வேண்டிய தீர்ப்பு அந்நிய மண்ணில் வழங்கப்பட்டது.

நேயர்களே, அன்று அபூர்வ உயிரைச் சொந்தமாக்க ஒருவன் அரசனாக இருக்க வேண்டும். இன்று கையில் பணம் இருந்தால் போதும். ஆசை ஒன்றுதான், ஆசைப்படுவோர் தொகைதான் பெருகியுள்ளது. ஓர் அரசனின் ஆசையைக் காடு தாங்கியது. இலட்சம் பேரின் ஆசையை அது தாங்காது.

நாயை வளருங்கள், பூனையை வளருங்கள், கோழியை வளருங்கள். அவை நம் வீட்டின் பிள்ளைகள். தவளையின் குரலைக் கேட்க விருப்பமானால், மழை விட்ட மாலையில் உடவத்தைக் காட்டின் ஓரத்திலே சிறிது நேரம் நில்லுங்கள். நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்து, காட்டு வழியே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார். அவருக்குப் போய்ச் சேர ஒரு கோட்டை இருந்தது, எழுதி வைக்க ஒரு பேனா இருந்தது. கண்ணாடித் தொட்டியில் இருக்கும் தவளைக்கு இரண்டும் இல்லை.