பொம்மை நாய் முதல் டன்லப் ஸ்டாப் வரை

அம்பத்தூர் ஓ.டி.யில் நின்றபடி கைபேசியிடம் வாயால் வழி கேட்கிறோம்; அதுவும் கேட்டுக்கொள்கிறது. இந்தக் கருவிக் குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா ஒரு பொம்மை நாய்.

1920களில் அமெரிக்கக் கடைகளில் விற்ற ‘ரேடியோ ரெக்ஸ்’, பெயர் சொல்லி அழைத்தால் கூண்டைவிட்டுத் துள்ளி வரும். ‘ரெ’யில் இருக்கும் எகரத்தின் 500 ஹெர்ட்ஸ் அதிர்வு பட்டதும் மின்காந்தத்தின் பிடி விடும், சுருள்வில் நாயைத் தள்ளும். அதே அதிர்வுள்ள வேறு சொல்லைச் சொன்னாலும் வரும்!

அடுத்து ஆசைப்பட்டவர்கள் தொலைபேசிக்காரர்கள். 1952இல் பெல் ஆய்வகத்தின் ‘ஆட்ரி’ ஆங்கில எண்களைப் புரிந்துகொண்டது, பழகிய குரலாக இருந்தால். பத்தாண்டு கழித்து ஐபிஎம்மின் ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்கள் வரை வந்தது. 1969இல் அதே பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் இந்தத் துறையையே கிண்டலடித்துக் கடிதம் எழுத, அங்கே வேலை நின்றது.

அதைத் தூக்கிப் பிடித்தவர் நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தவர். அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த ராஜ் ரெட்டி, ஆஸ்திரேலியா வழியாக ஸ்டான்ஃபோர்டு போய், கார்னகி மெலனில் அமர்ந்தார். 1976இல் அவருடைய குழுவின் ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை அறிந்திருந்தது. 1994இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

அவருடைய மாணவர் ஜேம்ஸ் பேக்கர் கடன் வாங்கியதோ ரஷ்யாவிலிருந்து. 1913இல் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கினின் கவிதையில் 20,000 எழுத்துகளை எண்ணி, உயிருக்குப் பின் மெய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கைப் பேக்கரும் ஐபிஎம்மின் ஜெலினெக்கும் பேச்சுக்குப் பொருத்தினார்கள். குரலை நொடியில் நூறில் ஒரு பங்காக நறுக்கு. ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கலாம், இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரலாம் என்று ஊகி. பிற்பாடு நரம்பு வலைப்பின்னல்கள் அந்தக் கணக்கை ஓரங்கட்டின. ஊகம் மட்டும் போகவில்லை.

ஊகிக்க முன்னனுபவம் வேண்டும். அதாவது, பதிவான குரல்கள். சென்னை ஐஐடியில் 1980களிலேயே பேச்சு ஆய்வு வேர்விட்டது. பின்னர் விவசாயிகள் தங்கள் மொழியில் பேசியே விளைபொருள் விலையை அறியும் தொலைபேசிச் சேவைக்கும் அங்கே உழைத்தார்கள். 2017இல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைத் தந்தது. மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் தமிழ்க் குரலைத் தானம் செய்கிறார்கள்.

தேவை இன்னும் தீரவில்லை. செய்தித்தாள் நடையில் வாசித்தால் இயந்திரத்துக்குச் சுலபம். “டன்லப்ல எறங்கி வாவின் போயிட்டிருக்கேன்” என்றால் திணறலாம்: கம்பெனிப் பெயர்கள் ஸ்டாப் பெயர்களாகிவிட்ட சேதி அச்சில் அதிகம் கிடையாது. ஆவடிக்காரரும் பூந்தமல்லிக்காரரும் தாங்கள் பேசுகிறபடியே பேசிப் பதிந்து கொடுத்தால்தான் அதன் ஊகம் நம் தெருவுக்கும் பொருந்தும்.