சூறாவளியும் சமுதாயமும்: கிழக்கு வங்கக் கரையோரத்தின் வரலாறு

சூறாவளி இயற்கையின் செயல். ஆனால் அதில் மாண்டோரின் தொகையை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. சமுதாய அமைப்புக்கும் அதிற் பெரும் பங்குண்டு என்பதைக் கிழக்கு வங்கக் கரையோரத்தின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

வெப்பமான கடல்நீரிலிருந்து எழும் நீராவியே சூறாவளிக்குச் சக்தியளிக்கின்றது. எனினும் வங்காள விரிகுடாவின் வடகரையில் உயிர்களைப் பெரிதும் பலிகொண்டது காற்றன்று, நீரேயாகும். விரிகுடா வடக்கே ஒடுங்கிச் செல்வதாலும், மேக்னா நதியின் கழிமுகத்திற் கடல் ஆழங் குறைந்திருப்பதாலும், காற்றினால் உந்தப்படும் நீர் பரவ இடமின்றி உயர்ந்து நிலத்தினுட் புகுகின்றது. அங்குள்ள வண்டற்றீவுகளோ கடல்மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்தவை. வேறு நிலமற்ற உழவர் பலர் அவற்றிற் குடியேறினர். வறுமையே அவர்களை அபாயத்தின் வாயிலிற் குடியிருத்தியது எனலாம்.

1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு போலாத் தீவையும் அயற்பகுதிகளையும் தாக்கிய சூறாவளியில் 3 இலட்சம் முதல் 5 இலட்சம் வரையான மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. எச்சரிக்கையே விடுக்கப்படவில்லை என்று கூறுவதற்கில்லை. பின்னர் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, அப்பகுதி மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சூறாவளி வருவதை அறிந்திருந்தனர். உறுதியான கட்டடங்களிற் புகலடைந்தோரோ நூற்றுக்கு ஒருவரளவே. செய்தி சென்றடைந்தது, செல்வதற்கு இடந்தான் இருக்கவில்லை.

நிவாரணப் பணியில் பாகிஸ்தானிய அரசு காட்டிய தாமதம் மக்களின் கசப்பை வளர்த்தது. தொடர்ந்து நிகழ்ந்த பொதுத்தேர்தலில், கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத்தொகுதிகளுள் 160ஐ அவாமி லீக் கைப்பற்றியது. சூறாவளியே பங்களாதேஷைத் தோற்றுவித்தது என்பது மிகைக் கூற்று. மொழியுரிமைப் போராட்டமும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அதன் மூலகாரணங்கள். ஆயினும் அப்புறக்கணிப்பை மக்கள் கண்ணெதிரே கண்டது இவ்வனர்த்தத்தின்போதே.

1972-73ஆம் ஆண்டுகளில் புதிய அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சூறாவளி ஆயத்தத் திட்டத்தை உருவாக்கின. அதன் அடிப்படை கிராமத் தொண்டரே. வானொலி கூறுவதை அறிமுகமான அயலவர் ஒருவர் ஒலிபெருக்கியோடும் கொடியோடும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும்போது அதன் மதிப்பு வேறாகின்றது. எனினும் இது மட்டும் போதவில்லை. 1991 ஏப்ரல் 29ஆம் திகதிச் சூறாவளியில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். பெண்களும் சிறுவருமே அவர்களுட் பெரும்பாலோர். புகலிடங்கள் மிகச் சிலவாயிருந்ததோடு, பெண்களுக்குத் தனியிடம் இல்லாமையும் அவர்களைத் தயங்கவைத்தது. அதன்பின் பாடசாலைகளாகவும் பயன்படும் புகலிடங்கள் பெருகின. பெண் தொண்டர்களும் பெருமளவிற் சேர்க்கப்பட்டனர்.

2007இல் சிடர் சூறாவளியில் மாண்டோர் தொகை சில ஆயிரங்களாகக் குறைந்தது. 2020இல் அம்பன் சூறாவளியின்போது 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர்; பங்களாதேஷில் இறந்தோர் சில பத்துப் பேரே. இச்சூறாவளிகளின் வேகமும் கரைகடந்த இடமும் வேறுபட்டவை. சுந்தரவனக் காடுகளும் ஓரளவு காப்பளித்தன. ஆதலின் எண்களை அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் இத்துணை பெரிய வேறுபாட்டை இயற்கையின் கருணையாக மட்டும் விளக்கிவிட முடியாது.

அதே விரிகுடாவில் எழுந்த சூறாவளியே 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்தது. வங்கத்தின் அனுபவம் நமக்கு அயலார் கதையன்று. எச்சரிக்கை வந்ததா என்பதோடு நமது வினா நின்றுவிடலாகாது. அதைக் கேட்ட ஏழைக்கு ஓடிச்செல்ல ஓரிடம் இருந்ததா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.