பிரிப்பதிலிருந்து காப்பதற்கு: குடல் இணைப்புக் கசிவின் வரலாறு

மலக்குடல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கட்டியை அகற்றிய கதையாகவே எழுதப்படுகிறது. எஞ்சிய இரு முனைகளை இணைப்பதும், அவ்விணைப்பு கசிந்தால் நோயாளியைக் காப்பதும் அதன் மறுபாதி.

குடலைப் பொருத்தும் சிக்கல் பழையது. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கரிய எறும்புகளைக் கடிக்கச் செய்து மூடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. 1826இல் பிரான்சின் லெம்பேர், குடலின் வெளியுறைகள் ஒன்றோடொன்று படியுமாறு தைக்கும் விதியை வகுத்தார். ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கு அவ்வுறை இல்லை. 1908இல் லண்டனின் எர்னெஸ்ட் மைல்ஸ் மலக்குடலையும் குதத்தையும் முழுமையாக நீக்கினார். இணைப்பே இல்லாததால் கசிவும் இல்லை. விலையாக, வயிற்றில் திறந்த செயற்கை மலவாய் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

1970களில் பரவிய வட்ட ஸ்டேப்ளர் கருவியும், 1982இல் ஹீல்ட் முன்வைத்த, மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவை முழுதாக நீக்கும் முறையும் குதத்தைக் காக்க வழிவகுத்தன. எனினும் இணைப்பு கீழிறங்க இறங்கக் கசிவின் அபாயம் கூடியது. கசிந்தால் இடுப்புக்குழியில் சீழ் தேங்கும். கிருமிப்பரவல் உயிரைப் பறிக்கலாம். பிழைத்தவருக்கும் அடுத்த கட்டப் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை தள்ளிப்போகும். நெடுங்காலம் இதற்கு விடை, வயிற்றை மீண்டும் திறந்து இணைப்பைப் பிரிப்பதே. அவ்வாறு பிரிக்கப்பட்ட பலருக்கு மலவாய் நிரந்தரமாயிற்று.

பின்னர் ஊடுகதிர் அடுக்குப்படத்தின் துணையுடன் தோல்வழிக் குழாய் செலுத்திச் சீழை வடிக்கும் முறை வந்தது. 1997இல் அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் புறப்புண்களுக்கு வெளியிட்ட உறிஞ்சழுத்தச் சிகிச்சையை, ஜெர்மானிய மருத்துவர்கள் குடலுக்குள் கொண்டுசென்றனர். குதத்தின் வழியே அகநோக்கியால் கசிவுக்குழியில் பஞ்சு வைத்து, குழாயால் இடைவிடாது உறிஞ்சினால், சீழ் வெளியேறிக் குழி சுருங்குகிறது. வைடன்ஹாகன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 29 பேரில் 28 பேருக்குக் கசிவு ஆறியது.

அதே ஆய்வு இதன் விலையையும் சொல்கிறது: சராசரியாக 34 நாள் சிகிச்சை, 11 முறை பஞ்சு மாற்றம். வயிறு முழுதும் கிருமி பரவியவருக்கு இம்முறை போதாது. உடல்நிலை சீராக, கசிவு இடுப்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஆகவே கசிவை விரைந்து கண்டறிவதே முதல் நிபந்தனை. சிகிச்சைச் செலவில் கணிசமான பங்கைக் குடும்பமே சுமக்கும் இந்தியாவில், சிறிய துளைவழிச் சிகிச்சை சிறிய சுமையாகிவிடுவதில்லை. மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வர இயலாத நோயாளிக்கு, பழைய மலவாயே பாதுகாப்பான தீர்வாகவும் அமையலாம். கருவிகளின் வரலாற்றோடு, அவை யாருக்கு எட்டின என்ற வரலாறும் எழுதப்பட வேண்டும்.