முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயும் குருதி அளவீட்டின் வரலாறும்

நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே கற்றறிந்த மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. ஆடவரைப் பற்றும் முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய், கதிர்ச் சிகிச்சையின் பின்னர் மீண்டும் தலையெடுத்ததா என அளந்தறியும் முறையின் வரலாறு, இம்மூன்றையும் மருத்துவ உலகம் படிப்படியாக உணர்ந்த வரலாறேயாம்.

1941 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய சாள்ஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹொட்ஜஸ் என்போர், குருதியிலுள்ள அமில பொஸ்பற்றேஸ் என்னும் நொதியத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு, பரவிய நோயின் போக்கினை அளந்தனர். ஹக்கின்ஸ் 1966 இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அந்நொதியம் பெரும்பாலும் நோய் எலும்பிற் பரவிய பின்னரே உயர்ந்து காணப்பட்டது. 1979 இல் பபலோ நகரத்து றோஸ்வெல் பார்க் நிலையத்தில் மிங் வாங் முதலியோர் அச்சுரப்பிக்குரிய புரதமொன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். பி.எஸ்.ஏ. என இன்று வழங்குவது அதுவே. 1986 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், சிகிச்சை பெற்றோரைக் கண்காணித்தற்கு அச்சோதனையை ஏற்றுக்கொண்டது.

அறுவைச் சிகிச்சையிற் சுரப்பி முழுவதும் அகற்றப்படுதலின், அப்புரதமும் குருதியினின்று ஏறக்குறைய மறையும். கதிர்ச் சிகிச்சையிலோ சுரப்பி உடலிலேயே எஞ்சி நிற்கும். ஆதலின் புரத அளவு ஈராண்டு வரையிலோ, சிலரிடத்து அதற்கு மேலுமோ, மெல்ல மெல்லத் தாழும். இடையே நோயின்றியும் சிறிது உயர்ந்து மீளத் தாழ்தலும் உண்டு.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்வோர்க்கு இது புதிதன்று. மாரி வெள்ளத்தாற் பெருகிய வாவி, முகத்துவாரம் திறந்ததும் கடலை நோக்கி வடியும். வடியும் நாளில் ஒரு மழை பெய்து நீர் சற்றே உயரின், வெள்ளம் திரும்பிற்றென எவரும் குடிபெயரார். வடிந்து நின்ற மட்டத்தை அறிந்தே ஏற்றத்தை அளப்பர்.

இவ்வுண்மை அளவீட்டு விதியில் இடம்பெறக் காலம் சென்றது. அமெரிக்கக் கதிர்ச் சிகிச்சை அறிஞர் சங்கம் 1996 இல் வகுத்த விதிப்படி, அளவு தொடர்ந்து மூன்று முறை உயர்ந்தால் நோய் மீண்டதாகும். மிகத் தாழ்ந்த அளவு கண்ட நாளுக்கும் முதல் உயர்வு கண்ட நாளுக்கும் நடுவே அது மீண்டதெனக் கொள்ளப்பட்டது. இதனால் இரு குறைகள் விளைந்தன. தற்காலிக உயர்வுகளும் நோயெனக் கணிக்கப்பட்டன. நாளைப் பின்னோக்கிக் குறித்தமையால், குறுகிய காலமே கண்காணிக்கப்பட்டோரிடத்துச் சிகிச்சையின் பயன் உண்மையினும் மிகுத்துத் தோன்றிற்று. எனவே 2005 இல் பீனிக்ஸ் நகரிற் கூடிய அறிஞர் விதியைத் திருத்தினர்; அது 2006 இல் வெளியாயிற்று. அதன்படி, அவரவர் அடைந்த மிகத் தாழ்ந்த அளவினின்று மில்லிலீற்றருக்கு 2 நனோகிராம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தாலே நோய் மீண்டதாகக் கொள்ளப்படும்; அவ்வுயர்வு கண்ட நாளே மீண்ட நாளாகும். 0.5 வரை தாழ்ந்தவர்க்கு எல்லை 2.5, 1.1 வரை தாழ்ந்தவர்க்கு 3.1. இவ்வாறு நோயாளியே தமக்கு அளவுகோலாயினார்.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. கிழக்கிலங்கை நோயாளர் பலர் நெடுங்காலம் கதிர்ச் சிகிச்சைக்காக மகரகம வரை சென்று மீண்டனர். சிகிச்சை ஓரிடத்தும் சோதனை வேறிடத்துமாக அமையுங்கால், தாழ்ந்த அளவைக் குறித்த பழைய சீட்டுத் தொலையின் அளவுகோலே தொலைந்ததாகும். அந்நிலையில் நோய் காலந்தாழ்த்தி அறியப்படலாம். அன்றித் தற்காலிக உயர்வுக்கு அஞ்சி, எலும்பை நலிவிக்கும் ஓமோன் சிகிச்சை வேண்டாதே தொடங்கப்படலாம். எண் வைத்தியரின் தீர்ப்புக்கு ஈடன்று. அதற்குத் துணையாவதே அதன் பணி. ஆதலின் இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்திற் சோதிப்பித்தலும், சீட்டுகளை நாள்வரிசையிற் பேணலும் வேண்டும். தனித்து நிற்கும் ஓர் எண் அச்சத்தையே தரும். வரிசையாய் நிற்கும் எண்கள் அறிவைத் தரும்.