எலும்பைத் தின்ற தீக்குச்சி

ஆலையிலே ஒருவன் கையை இழந்தால், "அவன் தலையெழுத்து" என்பர். மருந்து வெடித்து நால்வர் மாண்டால், "வேளை சரியில்லை" என்பர். புதிய இயந்திரம் வந்திறங்கினால் பூசணிக்காய் உடைப்பர், எலுமிச்சம்பழம் நறுக்குவர்; சுழலும் சக்கரத்துக்கு மூடி உண்டா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்! விபத்து என்றதும் விண்ணை நோக்கும் இந்தப் பழக்கத்தால் யாருக்கு ஆதாயம்? விதியே குற்றவாளி என்றாகிவிட்டால், அதைக் கூண்டிலேற்றி விசாரிக்க நீதிமன்றம் ஏது? மெய்யான குற்றவாளி மெல்ல நழுவிவிடுகிறான்.

ஆபத்து வானத்திலிருந்து விழுவதன்று. அதற்குக் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டறியலாம், கண்டறிந்ததை அளக்கலாம், அளந்ததை அகற்றலாம். அகற்ற முடிந்தும் அகற்றாதவர் யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டாம். அடுப்பங்கரையிலே கிடக்கும் தீக்குச்சியின் வரலாற்றைப் பார்ப்போம்.

1830-ஐ ஒட்டி ஐரோப்பாவிலே வெண்பாஸ்பரஸ் பூசிய தீக்குச்சி பிறந்தது. எங்கே உரசினாலும் பற்றும், விலையோ மலிவு. அந்த மலிவுக்கு வேறொருவர் விலை கொடுத்தனர். குச்சியைக் கலவையில் தோய்க்கும் கூடங்களிலே, பெண்களும் சிறுவர்களும் நாள் முழுதும் அதன் புகையை மூச்சாக இழுத்தனர். பல்வலி என்று தொடங்கும், ஈறு வீங்கும், சீழ் வடியும், பிறகு தாடை எலும்பே செத்து அழுகும். அறுத்தெடுத்தால் முகம் உருக்குலையும். விட்டுவைத்தால் உயிருக்கே உலை! 1845-ல் வியன்னா மருத்துவர் லோரின்சர் இந்நோயை விளக்கி எழுதினார். அன்றே காரணம் தெரிந்துவிட்டது.

மாற்றும் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. அதே வியன்னாவில், அதே பத்தாண்டில், வேதியியல் அறிஞர் ஷ்ரோட்டர் செம்பாஸ்பரசின் தன்மையை உலகுக்கு உணர்த்தினார். அது இத்தகைய நஞ்சன்று. சுவீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெட்டியின் பக்கத்திலே பூசி, பாதுகாப்புத் தீக்குச்சி செய்து விற்றனர். லண்டனின் பிரையன்ட் அண்ட் மே நிறுவனம் 1855-லேயே அந்த முறைக்கு உரிமை பெற்றது. நோய் தெரியும், காரணம் தெரியும், மாற்றும் கையிலே இருக்கிறது! எனினும் அந்நிறுவனம் வெண்பாஸ்பரசை விட்டது 1901-ல்தான். ஏன்? எங்கும் உரசிப் பற்றவைக்கும் குச்சிக்குச் சந்தை இருந்தது. செம்பாஸ்பரசுக்குச் செலவு மிகுதி. அழுகிய தாடைகளின் செலவோ, அவர்கள் கணக்கேட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

1888 ஜூனில் அந்த ஆலையின் கொடுமைகளை எழுதி அம்பலப்படுத்தினார் அன்னிபெசன்ட். பின்னாளில் அடையாறு வந்து பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கிய அம்மையாரேதான். அன்று அவர் பகுத்தறிவாளர், சமதர்மம் பேசியவர்! ஜூலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். வென்றனர். அபராதங்கள் ஒழிந்தன. உணவுண்ணத் தனி அறை தருவதாக நிர்வாகம் ஒப்பியது. எளிதான வெற்றியா அது? நஞ்சு படிந்த மேசையிலேயே ரொட்டி தின்றுவந்தவர்களுக்குத் தனி அறை என்பது உயிர்க்காப்பு. ஆனால் நஞ்சு ஆலையை விட்டுப் போகவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

போகாததற்குக் காரணம் உண்டு. நோயைக் குறைத்துக் காட்டினால், ஆபத்து சிறிதென்று தோன்றும். சிறிதென்று தோன்றினால், மாற்றம் தேவையில்லை என்று வாதாடலாம். 1898-ல் அந்த நிறுவனம் 17 நோயாளிகளைப் பற்றி அரசுக்கு அறிவிக்காமல் மறைத்தது வெளிப்பட்டது. விதிக்கப்பட்ட அபராதம் 25 பவுன் சொச்சம்! ஆளுக்கு இரண்டு பவுன்கூட இல்லை. ஆபத்தை அளக்கும் கோலை, ஆபத்தால் ஆதாயம் பெறுவோன் கையில் மட்டும் கொடுத்தால் விளைவு இதுதான்.

"மாற்றினால் தொழிலே அழியும்" என்றனர். அழிந்ததா? பின்லாந்து 1872-லும், டென்மார்க் 1874-லும் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன. அங்கே அடுப்பு எரியாமல் போகவில்லை. 1891-ல் லண்டனிலேயே இரட்சணிய சேனை செம்பாஸ்பரஸ் ஆலை ஒன்றைத் திறந்தது. மத நிறுவனந்தான், ஆனால் தாடை நோய்க்கு அது ஜெபத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை, பொருளையே மாற்றியது! 1898-ல் பிரெஞ்சு வேதியியலார் செவேன், காஆன் இருவரும், எங்கும் உரசிப் பற்றவல்ல, ஆனால் தாடையைத் தின்னாத கலவையைத் தந்தனர். சாக்குச் சொல்லவும் இடமில்லாது போயிற்று. 1906-ல் பெர்ன் நகரிலே நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. பிரிட்டன் 1908-ல் சட்டம் இயற்றி, 1910 முதல் தடை விதித்தது. 1913-ல் இந்தியாவிலும் தடைச்சட்டம் வந்தது.

இங்கேதான் அந்த வரலாறு நம் மண்ணைத் தொடுகிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பித் தீப்பெட்டித் தொழிலை அங்கே தொடங்கினர். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே வெண்பாஸ்பரஸ் விலக்கப்பட்டுவிட்டது. ஆகவே குச்சி அடுக்கிய நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தாடை நோய் நேரவில்லை. காத்தது எந்தக் காவல் தெய்வமும் அன்று. அறிஞர் கண்ட அறிவும், லண்டன் ஏழைப் பெண்களின் போராட்டமும், சட்டத்தின் ஓர் ஏடும்!

ஒரு நஞ்சு நீங்கியதால் எல்லா ஆபத்தும் நீங்கிவிட்டதா? இல்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவரை அமர்த்தலாகாது என்று 1986-ல் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றும் விதி என்று சொன்ன நாக்குகள் உண்டு.

தோழர்களே! வேலைசெய்யும் இடத்திலே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் ஒருசிலவே. இங்கே எது தீங்கு செய்யும்? யாருக்குச் செய்யும்? அதை அறவே நீக்க முடியுமா? முடியாதெனில் தீங்கற்ற பொருளை வைக்க முடியுமா? அதுவும் இயலாதபோது, ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையே சுவர் எழுப்ப முடியுமா? இவ்வளவும் கேட்ட பிறகே கையுறைக்கும் முகமூடிக்கும் வரவேண்டும். பல்லைச் சோதி, கையைக் கழுவு என்று தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்லி, நஞ்சை நஞ்சாகவே விட்டுவைத்த ஐம்பதாண்டு நமக்குப் பாடமாகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு எழுதும் உரிமை பாட்டாளிக்கும் வேண்டும். எத்தனை பேர் காயமுற்றனர், எதனால், எப்போது என்பதை மறைக்காது எழுதும் ஏடு எந்த ஆலையில் இருக்கிறதோ, அங்கே விதிக்கு வேலையில்லை. பூசணிக்காய் உடைபடும் ஆலையிலே, அந்த ஏட்டை எங்கே என்று கேளுங்கள்!